சொப்பனசுந்தரி காரும் நம்மூர் சேசிஸும்

சினிமாவில் புகழ்பெற்ற கார்கள்னு யார் பட்டியல் போட்டாலும் அதே ஆளுங்கதான் வரிசையா வருவாங்க. 'கோல்ட்ஃபிங்கர்' (1964) ஆஸ்டன் மார்ட்டின், 'புல்லிட்' (1968) முஸ்டாங், 'பேக் டு த ஃபியூச்சர்' (1985) டெலோரியன், அப்புறம் பேட்மேன் வண்டி. இதையே தமிழ்ல போடச் சொன்னா நம்ம க்ளாஸ் பசங்க, எந்த ஹீரோ எந்தப் படத்துல எந்த பி.எம்.டபிள்யூவில இருந்து கால் வச்சு இறங்கினார்னு ஆரம்பிச்சிடுவாங்க. முதல்ல ஷூ, அப்புறம் கண்ணாடி, அப்புறம்தான் முகம். தெரிஞ்ச கதைதானே!

என் கருத்து வேற. தமிழ் சினிமாவோட ஆகப் புகழ்பெற்ற கார், தள்ளிவிட்டாத்தான் ஓடும்.

'கரகாட்டக்காரன்' (1989) கார்தான். கவுண்டமணி ஆசைப்பட்டு வாங்கின பழைய கார். மொத்தக் குழுவும் அதைத் தள்ளிக்கிட்டு வரும். அந்தக் காரை முன்னாடி யார் வச்சிருந்தான்னு பேச்சு வந்து, செந்தில் ஒரு கேள்வி கேட்க, அப்புறம் நடந்ததெல்லாம் சரித்திரம். படம் வந்து முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. அது வந்தப்போ நான் பொறக்கவே இல்ல. ஆனா ரோட்டுல பழைய காரைப் பார்த்தா இன்னைக்கும் எனக்கு வாய்ல வர்ற பேரு சொப்பனசுந்தரிதான். அது என்ன கம்பெனி, எந்த மாடல்னு பத்து பேர்கிட்ட கேளுங்க, ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. 2023ல அதே பேர்ல, லட்சுமி பிரியர்கள் கனவு காணுற மாதிரி பரிசுல கார் விழுந்த ஒரு ஏழைக் குடும்பத்தைப் பத்தி ஐஸ்வர்யா ராஜேஷ் நடிச்சு ஒரு படமே வந்தது. 'சொப்பன சுந்தரி'ன்னு தலைப்பு வச்சாலே கார் படம்னு ஜனங்களுக்குப் புரியுது பாருங்க, எந்த விளம்பர ஏஜென்சியால இதைச் செய்ய முடியும்?

ஏன் இந்தக் கார் நிக்குது, கால் வச்சு இறங்கின கார் எதுவும் நிக்கல? நான் காமர்ஸ் படிக்கிறவன், எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். ஹீரோவோட வெளிநாட்டுக் கார் கணக்குப் புத்தகத்துல கொள்முதல் பதிவே இல்லாத சொத்து. யார் வாங்கினா, எப்ப வாங்கினா, கடன் எவ்வளவு, எதுவுமே கதையில கிடையாது. அடுத்த சீன்ல வேற கலர்ல வேற கார் வரும். கரகாட்டக்காரன் கார் அப்படியா? அது ஒருத்தனோட பணம், அவனோட கௌரவம், கூட இருக்கிறவங்களோட முதுகுவலி. டெபிட், கிரெடிட் ரெண்டு பக்கமும் இருக்கு. அதனால மனசுல பதியுது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க, நம்ம படங்கள்ல நிஜமாவே நினைவுல நிக்கிற வண்டி எல்லாம் ஒரே ஜாதி. 1985 தீபாவளிக்கு வந்த 'படிக்காதவன்'. ரஜினி டாக்ஸி டிரைவர், டாக்ஸிக்குப் பேரு லக்ஷ்மி. (அமிதாப் நடிச்ச 'குத்தார்' படத்தோட தமிழ், அதுல டாக்ஸிக்குப் பேரு பசந்தி.) தம்பியைப் படிக்க வைக்கிறது அந்த டாக்ஸிதான். அதை வித்துட்டா தம்பி படிப்பு நிக்கும். அதனால அது வண்டி இல்ல, வீட்டுல சம்பாதிக்கிற ஆளு.

அதுக்கும் முன்னாடி, 1958லயே, ரித்விக் கட்டக் வங்காளத்துல 'அஜாந்த்ரிக்'னு ஒரு படம் எடுத்தார். ஒரு டாக்ஸி டிரைவர், ஒரு ஓட்டை செவர்லே, பேரு ஜகத்தல். உலகமே சிரிச்சாலும் அவன் அதுகிட்ட பேசுவான். கடைசியில அது பழைய இரும்புக்குப் போகும். காரை மனுஷனா நடத்துற படம்னா ஹெர்பினு சொல்ற நண்பர்கள் இதையும் ஒரு தடவை பார்க்கணும். ஹெர்பி வந்தது அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு.

'பொல்லாதவன்' (2007) கார் படம் இல்ல, பைக் படம். ஆனா இந்தப் பேச்சுல அதை விட முடியாது. அப்பா கொடுத்த பணத்துல தனுஷ் பல்சர் வாங்குறார், வாழ்க்கை கொஞ்சம் நேராகுது, பைக் திருட்டுப் போகுது, எல்லாம் போகுது. படம் முழுக்க நாம தேடுறது அந்த பைக்கை இல்ல, அது வந்தப்புறம் அவனுக்குக் கிடைச்ச மரியாதையை. (ஓசூர்க்காரனா எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. அது நம்மூர் வண்டியா இருந்திருக்கலாம். பல்சர் மகாராஷ்டிரா சரக்கு. சரி விடுங்க.)

அப்புறம் 'பார்க்கிங்' (2023). வாடகை வீடு, ஒரு வண்டி நிறுத்துற இடம், ரெண்டு குடும்பம். ஹரிஷ் கல்யாண் கர்ப்பமா இருக்கிற மனைவிக்காகக் கார் வாங்குறார். மாடியில ஒருத்தர், கீழ ஒருத்தர். எம்.எஸ்.பாஸ்கர் அந்த வீம்புக்கே தானும் ஒரு கார் வாங்குறார். தேவைக்கு வாங்கினது ஒண்ணு, ரோஷத்துக்கு வாங்கினது ஒண்ணு. எனக்குத் தெரிஞ்சு நடுத்தர வர்க்கமும் காரும்னு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாலும் இவ்வளவு சுருக்கமா சொல்ல முடியாது. படத்துக்கும் பாஸ்கருக்கும் தேசிய விருது கிடைச்சப்போ உண்மையாவே சந்தோஷமா இருந்தது.

இதுல இன்னொரு வேடிக்கை. வருமானவரிப் பாடத்துல தேய்மானம்னு ஒரு அத்தியாயம் இருக்கில்ல? சொந்த உபயோக மோட்டார் காருக்கு 15 சதவீதம், வாடகைக்கு ஓடுற டாக்ஸி, லாரி, பஸ்ஸுக்கு 30 சதவீதம்னு படிச்சோம். 8 லட்ச ரூபா கார் ஒண்ணை எடுத்துக்குங்க. 15 சதவீதத்துல மூணு வருஷம் கழிச்சு புத்தக மதிப்பு 4,91,300. அதையே டாக்ஸியா ஓட்டினா 2,74,400. அதாவது லக்ஷ்மியோட மதிப்பு ஹீரோ காரோட மதிப்பை விட வேகமா கரையும். சினிமாவுல அப்படியே தலைகீழ்! 1985 டாக்ஸி இன்னும் மதிப்போட நிக்குது, போன வருஷ ஹீரோவோட கார் என்ன கலர்னு கூட ஞாபகம் இல்ல.

உலக அளவுல இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு நல்ல உதாரணம் புல்லிட் முஸ்டாங். ஸ்டீவ் மெக்வீன் ஓட்டின அதே வண்டியை 1974ல ஒரு சாதாரண குடும்பம் பத்திரிகை விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்கினாங்க. வீட்டம்மா டீச்சர், அந்தக் கார்லதான் ஸ்கூலுக்குப் போய் வந்தாங்களாம். 1977ல மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கல. 2020ல ஏலத்துல அது போன விலை, கமிஷனோட சேர்த்து, 37 லட்சம் டாலருக்கு மேல. எந்தத் தேய்மான அட்டவணையிலயும் இது அடங்காது.

வில்லன் கார்களைப் பத்தி சொல்லலைன்னா இந்தப் பதிவு முழுமையாகாது. ஒரு காலத்துல அம்பாசடர், கான்டெஸா. அப்புறம் வந்தது டாடா சுமோ. 1994ல டாடா அதை விட்டப்போ, கம்பெனியை வளர்த்த சுமந்த் மூல்கோகர் பேர்ல இருந்துதான் 'சுமோ'ன்னு வச்சாங்க. பாவம் அந்தப் பெரிய மனுஷர், தன் பேர்ல இருக்கிற வண்டி தென்னிந்திய சினிமாவுல இத்தனை தடவை காத்துல பறந்து குப்புற விழும்னு யாராவது அவருக்குச் சொல்லியிருந்தா? அருவாளோட நாலு சுமோ வந்தா அது மதுரைப் படம், புழுதி அதிகமா இருந்தா அது கடப்பா படம். 2019ல சுமோ உற்பத்தி நின்னு போச்சு. இப்போ ஸ்கார்ப்பியோ பறக்குது.

ஒரு தடவை அப்பாவோட தியேட்டர்ல இப்படி ஒரு சண்டைக் காட்சி. வண்டி மேல போய் சுத்தி கீழ வருது, தியேட்டரே விசிலு. அப்பா என் காதுகிட்ட வந்து, "அடியில பார்த்தியா, சைலன்சரே இல்ல"ன்னார். அவர் சிப்காட்டுல ஒரு சின்ன பிரஸ் ஷாப்ல இருபது வருஷத்துக்கு மேல இருக்கார். பெரிய கம்பெனிகளுக்கு பிராக்கெட் அடிச்சுக் கொடுக்கிற யூனிட். வண்டியைக் குப்புறக் கவுத்தா மத்தவங்களுக்கு ஸ்டன்ட் தெரியும், அவருக்கு பிராக்கெட் தெரியும்.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்குது. நம்ம படங்கள்ல வண்டி வாங்குறவன் இருக்கான். ஓட்டுறவன் இருக்கான். திருடுறவன், கொளுத்துறவன், தள்ளுறவன் எல்லாரும் இருக்காங்க. செய்யறவன் மட்டும் இல்ல.

ஃபேக்டரியே வரலைன்னு சொல்லல. 'மன்னன்' (1992) இருக்கு. ரஜினி தொழிலாளி, விஜயசாந்தி முதலாளி. அந்தப் படத்துல கவுண்டமணியும் ரஜினியும் சினிமா டிக்கெட்டுக்கு அடிச்சுக்கிற க்யூவை ஒவ்வொரு சட்டையா ஞாபகம் வச்சிருக்கோம். அந்த ஃபேக்டரியில என்ன பொருள் செய்யறாங்க? சொல்லுங்க பார்ப்போம். வேலை நடக்கிற இடம் நமக்கு சண்டை போடவும் காதலிக்கவும் ஒரு செட்டு, அவ்வளவுதான்.

டெலோரியன் கதையை எடுத்துக்குங்க. உலகத்துலயே புகழ்பெற்ற சினிமா கார் எதுன்னு ஓட்டெடுப்பு வச்சா முதல் மூணுல அது கண்டிப்பா வரும். ஆனா படம் 1985ல வந்தப்போ அந்தக் கம்பெனியே கிடையாது. வட அயர்லாந்துல பெல்ஃபாஸ்ட் பக்கத்துல டன்மரின்னு ஒரு இடம். கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்ட்களும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டிருந்த நேரம். வேலை கொடுத்தா ஊர் அமைதியாகும்னு பிரிட்டிஷ் அரசாங்கம் கோடிக்கணக்கான பவுண்டு கொடுத்து அந்த ஃபேக்டரியைக் கொண்டு வந்தது. ரெண்டு தரப்பு ஆளுங்களும் ஒரே லைன்ல நின்னு வேலை பார்த்தாங்க. 1981 தொடக்கத்துல முதல் கார் வெளிய வந்தது, 1982 முடியறதுக்குள்ள எல்லாம் மூடியாச்சு. சுமார் 9,000 கார். வேலை பார்த்தவங்க உச்சத்துல சுமார் 2,500 பேர். மூணு வருஷம் கழிச்சு அந்தக் கார் திரையில பறந்து உலகமே கை தட்டினப்போ, அதுக்குக் கதவு மாட்டினவன் வேற வேலை தேடிக்கிட்டிருந்திருப்பான். கதவு மேல நோக்கித் திறக்கும், எல்லாருக்கும் தெரியும். டன்மரி எத்தனை பேருக்குத் தெரியும்?

இது ஏதோ அயர்லாந்து கதைன்னு நினைச்சுடாதீங்க. 'பையா' (2010) பார்த்திருப்பீங்க. கார்த்தி, தமன்னா, கருப்பு லான்சர் சீடியா, பெங்களூர்ல இருந்து மும்பை. நம்ம செட்டுல பாதி பேருக்கு லாங் டிரைவ் ஆசையே அந்தப் படத்துல இருந்து வந்ததுதான். மிட்சுபிஷின்னா ஜப்பான்னு நினைப்போம். ஆனா இந்தியாவுல வித்த லான்சர், சீடியா எல்லாம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸோட திருவள்ளூர் ஃபேக்டரியில சேர்த்து எடுத்தது. திருவள்ளூர்! அந்தப் படத்துலயே அதிகமா திரையில தெரிஞ்ச 'நடிகர்' நம்ம மாநிலத்துக்காரர், டைட்டில்ல பேர் போடல. இன்னைக்கு அந்தக் கார் விற்பனையிலயே இல்ல. மறைமலை நகர்ல ஃபோர்டு கார் உற்பத்தி நின்னது 2022ல. அங்க செஞ்ச கார்ல எத்தனை ஹீரோ போயிருப்பான், எத்தனை பாட்டு எடுத்திருப்பாங்க. அந்த லைன்ல கடைசி கார் வெளிய வந்த நாளைப் பத்தி ஒரு படம் கூட வரல.

ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் நியாயம் கிடைச்சிருக்கு. 'காலா' (2018) ஜீப். மஹிந்திரா தார், நம்பர் பிளேட்ல பி.ஆர். 1956. அம்பேத்கர் மறைந்த வருஷம், பௌத்தம் தழுவின வருஷமும் அதுதான். நம்பர் பிளேட்டுக்குள்ள அரசியல் வச்ச ரஞ்சித்துக்கு ஒரு சலாம். போஸ்டர் பார்த்ததும் ஆனந்த் மஹிந்திரா அந்த வண்டியைக் கேட்டு வாங்கி செங்கல்பட்டு பக்கத்துல இருக்கிற அவங்க ஆராய்ச்சி மையத்துல வச்சிட்டார். அங்க வேலை பார்க்கிறவங்க ரஜினி மாதிரி அது மேல உட்கார்ந்து படம் எடுத்துக்கிட்டாங்க. விளம்பரம்தானேன்னு சிலர் சொன்னாங்க. இருக்கட்டும். செய்யறவன் தான் செஞ்ச வண்டி மேல ஏறி உட்கார்ந்த ஒரே படம் எனக்குத் தெரிஞ்சு அதுதான், அதுவும் படத்துக்கு வெளிய.

சரி, நம்மூருக்கு வருவோம். 1980ல இங்க இருந்துதான் டிவிஎஸ் 50 கிளம்பிச்சு. பால் கேன், வாழைத்தார், பொண்டாட்டி, ரெண்டு புள்ளை எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போன வண்டி. அதே காலத்துல அசோக் லேலண்ட் லாரி வந்தது. இப்போ ஏத்தர் ஸ்கூட்டர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா. ஹீரோ ஓட்டுற கார் ஒண்ணு கூட நம்மூர்ல செய்யறதில்ல. காமெடியன் வண்டி, கதாநாயகி ஸ்கூட்டி, வில்லன் இடிக்க வர்ற லாரி, இதெல்லாம்தான் நம்ம சரக்கு. கார் நம்மூருக்கு வர்றதே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருந்து நீளமான ட்ரெய்லர் லாரி மேல ஏறி, கிருஷ்ணகிரியில திரும்பி, பெங்களூருக்குப் போற வழியில ஒரு டீ குடிக்கத்தான்.

என் ஸ்கூல் நண்பன் ஒருத்தன் டிப்ளமோ முடிச்சிட்டு ஒரு கம்பெனியில ட்ரெய்னியா இருக்கான். ஷிஃப்டுக்கு எத்தனை வண்டி அவன் கை வழியா போகுதுன்னு அவனே எண்ணுறதை விட்டுட்டான். அவன் கம்பெனி பஸ்லதான் போறான். ட்ரெய்னி காலம் முடிஞ்சா எடுப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியாம, வட்டிக்கு பைக் வாங்கலாமா வேணாமான்னு என்கிட்ட ஆலோசனை கேட்டான். காமர்ஸ் படிக்கிறவன்னு நம்பிக் கேட்டுட்டான் :-) பேப்பர்ல கணக்குப் போட்டுக் காமிச்சேன், தவணை கட்டின பிறகு கையில என்ன மிஞ்சும்னு. ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்துக்கிட்டிருந்தான். அவன் சொன்னது இதுதான்: "மச்சான், நான் செய்யற வண்டியை நான் வாங்க யோசிக்கிறேன், பார்த்தியா." இதை வசனமா எழுதுற டைரக்டர் யாரு?

'கைதி' (2019) வந்தப்போ கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஒரு ராத்திரி, ஒரு லாரி, திருச்சி போய்ச் சேரணும். காரே தேவையில்லாம ஒரு துரத்தல் படம் எடுக்க முடியும்னு லோகேஷ் காமிச்சார். 'சுந்தரா டிராவல்ஸ்' (2002) பஸ்ஸை வச்சே ஓடலையா? அப்போ அடுத்த படி எடுக்கிறதுல என்ன கஷ்டம்? ஜனங்க பார்க்க மாட்டாங்கன்னு சொல்லாதீங்க. பிரஸ் மெஷின்ல விரல் போனவங்க எத்தனை பேர் ஓசூர்ல இருக்காங்க, ஒவ்வொருத்தரும் ஒரு சஸ்பென்ஸ் படம்.

நானே ஒண்ணு எடுத்துக் கொடுக்கிறேன், ராயல்டி வேணாம். இங்க இருந்து சேலம் போற ரோட்டுல காலையில நின்னா சேசிஸ் போகும் பார்த்திருப்பீங்க. பாடி கட்டாத லாரி, பஸ். முன்னாடி முகப்பு மட்டும் இருக்கும். கூரை கிடையாது, கதவு கிடையாது, பின்னாடி வெறும் இரும்புச் சட்டமும் சக்கரமும். தற்காலிகமா மாட்டின ஒரு சீட்டு. அதுல ஒருத்தர் தலையில துண்டு, மூக்கு வாய் எல்லாம் சுத்திக் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, தொப்பூர் கணவாய் காத்து நேரா நெஞ்சுல அடிக்க ஓட்டிக்கிட்டுப் போவார். மழை வந்தா மழை, வெயில் வந்தா வெயில். லாரின்னா நாமக்கல் பக்கம், பஸ்ன்னா கரூர் பக்கம், பாடி கட்டுற இடத்துல கொண்டுபோய் விடணும். விட்டுட்டு, தோள்ல ஒரு பையை மாட்டிக்கிட்டு, அரசு பஸ் பிடிச்சு ஓசூர் திரும்புவார். அடுத்த நாள் இன்னொண்ணு.

எந்த ஹீரோவுக்கும் இதை விட ஒரு என்ட்ரி கிடைக்காது. முகத்துல துண்டு கட்டியிருக்கு, கூலிங் கிளாஸும் போட்டாச்சு, கதவு இல்லாததால காலை எடுத்து வச்சு இறங்கினா கேமராவுக்கு மறைவும் இல்ல.